வானொலியில் வாசிக்காத பெயர்

ஓடக்கூடாது. ஓடினால் சுடுவார்கள். நடக்கிறேன்.

இடுப்பில் அலுமினியப் பேசின். அதற்குள் ரகசியமாகத் தந்தி அனுப்பும் வானொலி செட். செட்டைச் சுற்றி மெழுகுத் துணி. அதன் மேல் நனைத்துப் பிழியாத தமெய்ன்கள். பர்மாவில் பெண்கள் இடுப்பில் சுற்றும் கைலியைத் தமெய்ன் என்போம். தண்ணீர் என் காலில் வடிகிறது. கனத்தில் இடுப்பெலும்பு நோகிறது. முகத்தில் அது தெரியக்கூடாது.

1990. மழைக்காலம். யாங்கோன். அலோன் பகுதியில் ஆற்றை ஒட்டிய கிட்டங்கித் தெரு. காலை. பின்னால் லாரியின் பின்பலகை விழுகிறது. டமார். அப்புறம் பூட்ஸ். நனைந்த பலகை மேல் பூட்ஸ் போடும் சத்தம் தனி. அதை இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும்.

"சித்தா லாப்யீ! சித்தா லாப்யீ!"

மாடியிலிருந்து யாரோ கத்துகிறார்கள். பட்டாளம் வந்துவிட்டது என்று. கதவுகள் அடைபடுகின்றன. ஒரு நாய் குரைக்கிறது. பிறகு அதுவும் நிறுத்திக்கொண்டது.

தெருமுனையில் ஒரு சிப்பாய். இருபது வயது இருக்கும். துப்பாக்கி முனையைப் பேசின் பக்கம் நீட்டுகிறான். துணியைக் கிளறப் பார்க்கிறான். அது என்ன துணி என்று தெரிந்ததும் முனையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான்.

"துவா! துவா!"

போ, போ என்கிறான். போனேன்.

இதை விளக்க வேண்டும். பர்மிய ஆண்கள் பெண்களின் தமெய்ன் தொங்கும் கொடிக்குக் கீழே நடக்க மாட்டார்கள். கையால் தொட மாட்டார்கள். தொட்டால் ஆணுக்குள்ள மகிமை அழிந்துவிடும் என்று நம்பிக்கை. நாட்டை ஆளும் ஜெனரலுக்கும் அதே நம்பிக்கை. அந்தச் சிப்பாய்க்கும் அதே. ஒரு ஈரத் துணியைத் தொட அவர்களுக்கு அவ்வளவு கூச்சம். ஒரு மனிதனைத் தலைகீழாகக் கட்டி அடிக்க எந்தக் கூச்சமும் இல்லை.

அந்த நேரம் என் கணவர் அவர்கள் கையில் இருந்தார். அவரைக் கூட்டிப்போய் அதிக நேரம் ஆகவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெயர் புஷ்பம். ஞானஸ்நானப் பெயர் மரிய புஷ்பம். அப்பா கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் பர்மாவில் நாலு தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கத் தமிழர்கள். மிஷன் பள்ளியில் படித்தேன். யாங்கோனின் கியாக்டடா பகுதியில் தந்தி ஆபீஸ் வேலை. மோர்ஸ் அடிப்பேன். பர்மிய எழுத்திலும் அடிப்பேன், ஆங்கிலத்திலும் அடிப்பேன். கை வேகம் என்று பெயர் வாங்கியவள்.

என் கணவர் சவரிமுத்து. அலோன் துறையில் வின்ச் ஓட்டினார். கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் இயந்திரம் அது. துறையில் அவரை எல்லோரும் கோ சேன் என்று பர்மியப் பெயரால் கூப்பிடுவார்கள். எங்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஒன்று கோயிலுக்கு, ஒன்று அரசாங்கத்துக்கு. அதிகம் பேச மாட்டார். சிரிக்கும்போது சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

1988 ஆகஸ்ட். ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. நாங்களும் வேலையைப் போட்டுவிட்டு சூலே பகோடாவுக்கு நடந்தோம். செப்டம்பர் 18 மாலை வானொலியில் ராணுவ இசை. ஆட்சியைப் படை எடுத்துக்கொண்டது என்று ஒரு குரல். மறுநாள் சுட்டார்கள். தொலைவில் கேட்டால் தகரத்தில் பட்டாணி கொட்டுவது போல இருக்கும். பக்கத்தில் கேட்டால் அப்படி இருக்காது. காதுக்குள் ஒரு அறை. அப்புறம் விசில். நான் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு தீயணைப்பு வண்டி வந்து ரோட்டைக் கழுவியது. நுரை நுரையாகச் சிவப்புத் தண்ணீர் சாக்கடைக்குள் போனதைப் பார்த்தேன். எத்தனை பேர் என்று யாரும் எண்ணக்கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தண்ணீர்.

அந்த வாரம் சவரி மாணவர்கள் சிலரைக் கிட்டங்கியில் அரிசிச் சாக்குகளுக்கு நடுவில் ஒளித்துவைத்தார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. சோறு மட்டும் அதிகமாக வடிக்கச் சொன்னார். சம்பான் படகில் ஏற்றி ஒவ்வொருவராக அனுப்பினார். அவர்கள் தாய்லாந்து எல்லைக் காட்டுக்குப் போனார்கள். அதில் ஒருவன் கோ தேய். பாலிடெக்னிக்கில் வானொலி படித்தவன். நான் அவனை அப்போது பார்க்கவில்லை. சவரி பார்த்திருக்கிறார். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார்.

வேலை நிறுத்தத்தில் நின்றதற்காக என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்து ஒரு சம்பான்காரர் வந்தார். கோ தேய் சொல்லி அனுப்பியிருந்தான். காட்டில் ஒரு செட் இருக்கிறது. நகரத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. யாரைப் பிடிக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் வெளிநாட்டு வானொலியின் பர்மியச் செய்திக்குக் கொடுத்துவிடலாம். அக்கா மோர்ஸ் அடிப்பாராமே?

அடிப்பேன் என்றேன். கோபத்தில் சொன்னதுதான். இந்த ஊரில் எனக்கு மிச்சம் இருந்தது அந்தக் கோபமும் இந்தக் கையும்தான்.

உடைப்பதற்காக வந்த கப்பல் ஒன்றிலிருந்து சவரி பழைய செட்டைக் கழற்றிக் கொண்டுவந்தார். கார் பேட்டரியில் ஓடும். அந்தக் காலத்து யாங்கோனில் மின்சாரம் வருவதே அதிசயம். வீட்டுக்கு வீடு விளக்குக்குப் பேட்டரி வைத்திருந்தார்கள். எங்கள் பேட்டரியை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனால் தந்தி வேலையிலிருந்து நீக்கின ஒரு தமிழ்ப் பெண்ணை அவர்கள் கண்காணிப்பார்கள். கலா என்றாலே ஒரு கண் வைப்பார்கள். இந்திய முகம் உள்ள எவரையும் பர்மாவில் கலா என்பார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும் விதத்தைக் கேட்டால் எச்சில் துப்பியது போல இருக்கும். எனவே வீட்டை மாற்றினோம். கிட்டங்கித் தெருவில் ஒரு மாடி அறை. அவர் கோ சேன், நான் மா பான். மவ்லமயின் பக்கத்து மோன் இனம் என்று சொல்லிக்கொண்டோம். மோன்காரர்களும் கொஞ்சம் கறுப்பு. தெரிந்த ஒருவர் வட்ட அலுவலகத்தில் பதிந்து கொடுத்தார். அன்றிலிருந்து வாசலுக்கு வெளியே ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. புடவையைப் பெட்டியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அது எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது.

ஏரியல் கம்பிதான் பெரிய தலைவலி. நீளமாக, வெளியே இருக்க வேண்டும். எல்லோர் கண்ணிலும் படும். நான்தான் வழி சொன்னேன். பின்பக்க வராந்தாவிலிருந்து கிட்டங்கிச் சுவர் வரை செம்புக் கம்பியைக் கட்டினோம். அதில் என் தமெய்ன்களைத் தொங்கவிட்டேன். எந்த ஆணும் கிட்டே வர மாட்டான். தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஈரத் துணி அலையைக் குடித்துவிடும். அதனால் காய்ந்த துணியைத்தான் தொங்கவிடுவேன். அடித்து முடித்த பிறகு ஈரத் துணி.

மோர்ஸ் விசையைத் தட்டும் சத்தம் பலகைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதற்கு வழி சொன்னது சவரி. காலையில் அவருடைய வின்ச் ஓடத் தொடங்கும். கரகரவென்று தெருவே அதிரும். அப்போது நான் அடிப்பேன். கூரையில் வளையம் வைத்த வேன் ஒன்று சுற்றிவரும். செட் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற வேன். அது துறை ரோட்டில் திரும்பினால் சவரி கண்ணில் படும். வின்சை நிறுத்திவிடுவார். சத்தம் நின்றால் என் கையும் நிற்கும். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. காலையில் அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டு அவர் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்.

அடித்தது எல்லாம் பெயர்கள். துறையிலும் பஜாரிலும் காதில் விழுந்தவை. பேப்பரில் எழுத மாட்டேன். மனப்பாடம். இன்னாரை இன்ன தெருவில் பிடித்தார்கள். இன்ன விசாரணைக் கூடத்தில் இருக்கிறார். காட்டில் கோ தேய் வாங்கிக்கொள்வான். முகம் தெரியாது. குரல் தெரியாது. கை மட்டும் தெரியும். தந்திக்காரர் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. அவன் கை கொஞ்சம் தயங்கும்.

சாயங்காலம் ஊரே அந்த வெளிநாட்டு வானொலியைத் தலையணைக்குக் கீழே வைத்துக் கேட்கும். நாங்களும் கேட்போம். ஒருநாள் நான் அனுப்பிய பெயர் அதில் வந்தது. கியாக்டடாவில் அச்சகம் வைத்திருந்த ஒருவர். அவரை விசாரணைக் கூடத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வெளியே வந்ததும் சிறைக்கு மாற்றினார்கள். அவருடைய அம்மா சோறு கொண்டுபோக அனுமதித்தார்கள். ஒரு காது போய்விட்டது. ஆள் பிழைத்தார். பெயரை உலகம் கேட்டுவிட்டால் ஆளைச் சத்தமில்லாமல் முடிக்க முடியாது. பெயர் வெளியே வராதவர்கள் திரும்பி வரவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த ஒன்றை நம்பித்தான் நாங்கள் அந்த அறையில் இருந்தோம்.

எல்லையிலிருந்து ஒரு கட்டளை உண்டு. செட் வைத்திருப்பவர் தன் வீட்டைப் பற்றி எதுவும் அனுப்பக்கூடாது. அந்த வீட்டாருக்கு மட்டும் தெரிந்த செய்தி வானொலியில் வந்தால், அனுப்பியது யார் என்று அவர்கள் நேராகக் கண்டுபிடித்துவிடுவார்கள். சரியான கட்டளை. நானும் ஒப்புக்கொண்டேன். அது எனக்கு வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

1990 தேர்தல் முடிந்தது. ஜெயித்தவர்களுக்கு ஆட்சியைக் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டுபோனார்கள். என் வேலை பெருகியது.

மழைக்காலம். ஒரு மதியம் சவரி துறையிலிருந்து தொப்பலாக வந்தார். நான் பஜாருக்குப் போயிருந்தேன். சட்டையைத் துவைத்திருக்கிறார். வெயில் கொஞ்சம் தலைகாட்டியது. கொடியில் போட்டார். என் தமெய்ன்களுக்கு நடுவில், அதே கம்பியில்.

பர்மிய வீட்டில், மோன் வீட்டில், இது நடக்காது. ஆணின் சட்டைக்குத் தனிக் கொடி. உயரமான கொடி. பெண்ணின் தமெய்னோடு அது ஒட்டவே கூடாது. எங்கள் வீடுகளில் அப்படி இல்லை. அவருடைய அம்மா எல்லாத் துணியையும் ஒரே கொடியில் போட்டவர். சேலை, வேட்டி, குழந்தைத் துணி, எல்லாம். ஒரு வருஷத்துக்கும் மேல் வெளியே ஒரு வார்த்தை தமிழ் பேசாமல் இருந்த மனிதர். கை மட்டும் பழையபடி வேலை செய்துவிட்டது.

பக்கத்து மாடியில் டோ ச்சி. வட்டத் தலைவரின் மனைவி. நல்ல பெண்மணிதான். எனக்கு மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் கொடுத்தனுப்புவாள். அவள் சட்டையைப் பார்த்தாள். நான் வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டாள். மா பான், உங்கள் மவ்லமயினில் இப்படித்தான் காயப்போடுவார்களா? நானும் சிரித்தேன். சட்டையை எடுத்தேன். அவள் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். வேடிக்கையாகச் சொன்னாளோ வேறு எப்படிச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை வட்டத் தலைவரும் இரண்டு ஆட்களும் படியேறி வந்தார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். தமெய்னோடு சட்டை காயப்போடுகிற மோன்காரனை நான் பார்த்ததில்லை என்றார். கலாதானே நீ என்றார். பொய்ப் பெயரில் ஏன் இருக்கிறாய் என்றார். அலுவலகத்துக்கு வந்து சொல் என்றார்.

சவரி செருப்பை மாட்டினார். படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. தமிழில் சொன்னார். வந்தவர்களுக்குப் புரியாது.

"கம்பிய அவுத்துடு புள்ள. எனக்காக நிக்காத."

அவர் என்னிடம் பேசியது அதோடு முடிந்தது.

கம்பியை அவிழ்த்தேன். சுருட்டினேன். பேட்டரியை விட்டுவிட்டேன். பேசினை எடுத்தேன். தமெய்ன்களைக் குழாயில் நனைத்தேன். கீழே இறங்கும்போதுதான் லாரி வந்தது. துறையில் வின்ச் ஓடவில்லை. அந்த நேரத்தில் அது ஓடாமல் இருந்ததே இல்லை.

பஸ் ஏறினேன். கியாக்டடா வழியாகக் கிழக்குத் துறைக்கு. பேசினை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்த ஆண் எழுந்து போய் நின்றுகொண்டான். அங்கிருந்து ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தன்லியினுக்குப் படகு. அப்போது பாலம் கிடையாது.

தன்லியினில் சவரியின் பெரியம்மா மகள் இருந்தார். ஞானம் மதினி. புருஷன் இல்லை. தையல் மிஷின் வைத்துப் பிழைத்தார். பின்னால் பன்றி வளர்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. செட்டைப் பார்த்தார். இதாலதான் போனானா என்று கேட்டார். இல்லை, சட்டையால் என்றேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிற்பாடு எங்கள் ஆட்களே சொன்னார்கள். சவரி கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம் என்று. கோயில் வாசலில் நின்று சொன்னார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒரு மனிதன் தன் சட்டையைத் தன் வீட்டுக் கொடியில் காயப்போட்டான். அதற்கு உயிரை எடுப்பார்களா? அதைக் கேட்க ஒருவருக்கு வாய் வரவில்லை. செத்தவரைக் குறை சொல்ல மட்டும் வந்தது.

புடவையை உடுத்தினேன். மறுபடி தமிழச்சி ஆனேன். மூன்றாம் நாள் சேதி வந்தது. துறையில் அவரோடு வேலை செய்தவர் சொல்லி அனுப்பினார். வட்ட அலுவலகத்தில் இல்லை. உளவுத்துறை எடுத்துக்கொண்டது. விசாரணைக் கூடத்தில் இருக்கிறார். வீட்டில் பேட்டரியையும் சுவரில் ஏரியல் கம்பி கட்டியிருந்த பீங்கான் குமிழையும் பார்த்திருக்கிறார்கள். செட் எங்கே என்று கேட்கிறார்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அந்த அச்சகக்காரரின் பெயர் போல இந்தப் பெயரும் வானொலியில் வர வேண்டும். வந்தால் சிறைக்கு மாற்றுவார்கள். வராவிட்டால் அடித்தே முடித்துவிடுவார்கள். ஆனால் கட்டளை இருக்கிறது. இவரைப் பிடித்தது தெருவுக்குத் தெரியும், துறைக்குத் தெரியும். எந்தக் கூடத்தில் இருக்கிறார் என்பது சேதி சொன்னவர், கொண்டுவந்தவர், மதினி, நான் என்று நாலு பேருக்குத்தான் தெரியும். செய்தி வந்தால் வலை எங்களைச் சுற்றி விழும். மதினி மேலும் விழும்.

மதினியிடம் மறைக்காமல் சொன்னேன். அனுப்பினால் உங்களையும் கட்டிக்கொண்டு போவார்கள் என்றேன். மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க சித்தி புள்ள அவன். பேரச் சொல்லாம சாவ விட்டுட்டு நான் என்னத்தத் தைக்கப் போறேன்? அடி."

கம்பியைப் பன்றித் தொழுவத்துக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் கட்டினோம். பேட்டரியை லாட்டரிக்காரரிடம் இரவல் வாங்கினோம். அவர் ஒலிபெருக்கிக்கு வைத்திருந்தது. காலையில் மதினி நூல் இல்லாமல் மிஷினை மிதித்தார். கடகட. கடகட. எனக்கு வின்ச் சத்தம் காதில் இல்லை. கை ஓடவில்லை. முதல் எழுத்திலேயே தப்பு. திரும்ப அடித்தேன்.

சவரிமுத்து. துறையில் கோ சேன். அலோன். வின்ச் ஓட்டுபவர். விசாரணைக் கூடம் இன்னது. அடிக்கிறார்கள். வாசிக்கவும்.

கோ தேய் பதில் அடித்தான். பெற்றேன். அவன் கை வழக்கத்தை விட அதிகம் தயங்கியது. அதை நான் கவனித்தேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். காய்ச்சலில் கஞ்சி ஊட்டிய ஆளின் பெயர் என்று தெரிந்துவிட்டது. இனி அவன் பார்த்துக்கொள்வான்.

சாயங்காலம் தலையணைக்குக் கீழே வானொலி. மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெயர்களை வாசித்தார்கள். ஒரு ஆசிரியர். இரண்டு மாணவர்கள். ஒரு பிக்கு. இசை. முடிந்தது.

மறுநாள் வரலாம் என்றோம். மறுநாள் வந்த பெயர்களும் நான் முந்தைய வாரம் அனுப்பியவை. அவர் பெயர் இல்லை.

மறுபடி அடித்தேன். பெற்றேன் என்றான். வரவில்லை. மூன்றாம் முறை அடித்தேன். பெற்றேன் என்றான். வரவில்லை. அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் அவரை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் ஒரு பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலை தெருவில் கூச்சல்.

"மதினி! ஜீப்பு! ஜீப்பு!"

பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள். செட்டை முந்தின நாளே பன்றித் தொழுவச் சகதியில் புதைத்திருந்தோம். உறவினர் என்ற முறையில் மதினியைத் தேடி வந்திருந்தார்கள். அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள். மிஷினைத் தள்ளினார்கள். சகதியில் இறங்க அவர்களுக்கு மனம் வரவில்லை. நான் கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்காரி என்றார் மதினி. அவர்கள் தேடியது தமெய்ன் கட்டிய மா பான் என்ற பெண்ணை. முருங்கைக்கும் தொழுவத்துக்கும் நடுவில் மதினியின் சேலைகள் தொங்கின. யாரும் தொடவில்லை.

போகும்போது ஒரு அதிகாரி மதினியிடம் சொன்னான். உன் தம்பி நெஞ்சுவலியில் போய்விட்டான். அது வேறு ஏதோ செய்தி போலச் சொன்னான். நான் சட்டியைத் தேய்த்தேன். கை நிற்கக்கூடாது. கை நின்றால் திரும்பிப் பார்ப்பான்.

உடலை மதினி கேட்டுப் போனார். எரித்தாயிற்று என்றார்கள். எரித்தாயிற்று. நாங்கள் கத்தோலிக்கர்கள். புதைப்போம். சிலுவை நடுவோம். பெயர் எழுதுவோம். எங்கள் ஆளை எங்களைக் கேட்காமல் எரித்தார்கள். சாம்பல் எங்கே என்று மதினி கேட்டார். அதெல்லாம் கேட்காதே என்றார்கள். சாமியார் உடல் இல்லாமல் பூசை வைத்தார். காலிப் பெட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் வாய் திறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். திறந்திருந்தால் நான் இல்லை. சம்பான்காரர் இல்லை. மதினி இல்லை.

அதற்கு மேல் நான் அடிக்கவில்லை. வருஷங்கள் போயின. பாலம் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. மதினியோடு தைத்துப் பிழைத்தேன். 2007இல் பிக்குகள் தெருவில் நடந்தார்கள். சூலே பக்கம் மறுபடி சுட்டார்கள். அந்தச் சத்தம் மாறவே இல்லை.

2008 மே. புயல். தன்லியினில் கூரைகள் பறந்தன. எங்கள் கூரையும் போனது. நிவாரணம் என்று தார்ப்பாய் கொண்டுவந்தவர்களில் ஒரு ஆள். நரைத்த தலை. முன்பல் இரண்டு இல்லை. முன்பு தந்தி வேலை பார்த்த தமிழ்ப் பெண் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தான். நனைந்த தரையில் உட்கார்ந்தான். அமா, நான் கோ தேய் என்றான். அமா என்றால் அக்கா.

நான் தண்ணீர் கொடுத்தேன். பிறகு கேட்டேன். பெயர் வந்து சேர்ந்ததா இல்லையா?

சேர்ந்தது என்றான். மூன்று முறையும் சேர்ந்தது. மூன்று முறையும் எழுதி மேலே கொடுத்தான். பெயர்களை வானொலிக்கு அனுப்ப ஒரு குழு இருந்தது. அதன் தலைவர் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். கட்டளையை மீறியதற்காகவா என்று கேட்டேன். இல்லை என்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

"கலாப் பேரு, இதப் படிச்சா இந்தப் போராட்டமே கலாக்களோட வேலைன்னு நாளைக்கே அரசாங்கப் பேப்பர்ல போடுவான்னு சொன்னாங்க அமா. கோ சேன்னு மட்டும் போடலாம்னேன். விசாரிச்சா கலான்னு தெரிஞ்சிடும்னு அதையும் அடிச்சிட்டாங்க."

அவன் பர்மிய மொழியில்தான் சொன்னான். எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது.

உன்னைச் சாக்குக்கு நடுவில் ஒளித்துவைத்தது யார் என்று அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லவில்லை என்றான். சொன்னால் செட்டிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது என்றான். அழுதான். நான் ஆறுதல் சொல்லவில்லை. இன்னொரு தரம் முதலிலிருந்து சொல் என்றேன். சொன்னான். தார்ப்பாயை வாங்கிக்கொண்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, கூரை வேண்டும்.

அவர்கள் கலா என்று கண்டுபிடித்ததால் பிடித்தார்கள். இவர்கள் கலா என்பதால் விட்டுவிட்டார்கள். சட்டை காயப்போடத் தெரியாத பர்மியன் என்று ஒரு கூட்டம். வாசிக்கத் தகாத பெயர்க்காரன் என்று இன்னொரு கூட்டம். சுட்டவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் பழகிவிட்டது. இந்தக் கோபம் பழகவில்லை. எங்கள் சோறு வேண்டியிருந்தது. எங்கள் கிட்டங்கி வேண்டியிருந்தது. என் கை வேண்டியிருந்தது. எங்கள் பெயர் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குழுத் தலைவரின் பெயரைக் கோ தேய் சொன்னான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். மனித உரிமை பற்றிப் பேசுகிறாராம். கைதட்டுகிறார்களாம். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நிற்கும். நிற்க வேண்டாம்.

இது 2010. கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அனுப்பிய பெயர்கள் நூற்றுக்கும் மேல். எல்லாம் இன்னும் மனப்பாடம். வானொலியில் வந்தவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலர் எனக்கு எதிரில் பஜாரில் நடக்கிறார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

போனவை. என் வேலை. அலோன் அறை. ஒரு வருஷத்துக்கும் மேலான ஞாயிற்றுக்கிழமைகள். செட், சகதியில் துருப்பிடித்துப் போனது. சம்பான்காரர், அடுத்த வருஷம் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். ஞானம் மதினி, புயலுக்கு மறு மாதம், காய்ச்சலில். எங்களுக்குப் பிறக்காத பிள்ளைகளை எப்படி எண்ணுவது என்று தெரியவில்லை.

ஒரு கல்லறை. அதுவும் இல்லை.

அனுப்பிய பெயர்களில், வாங்கியும் வாசிக்காமல் விட்டது ஒன்று. சவரிமுத்து. துறையில் கோ சேன். அலோன். வின்ச் ஓட்டியவர். வயது முப்பத்தைந்து.